இருபத்தாறு பாகங்களும் ஒரே டிவிடியில் அடங்குமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் நாங்கள் நடத்தும் படிப்பகத்தில் இணைய இணைப்பு நிலையாகக் கிடைப்பதில்லை. படியெடுக்க அனுமதியுள்ள ஓர் அறிவியல் தொடரின் 26 பாகங்களைக் குன்னூரில் உறவினர் வீட்டில் தரவிறக்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 25 நிமிடம். அளவு சுமார் 300 மெகாபைட். படிப்பகத்தின் பழைய டிவிடி பிளேயரில் யூஎஸ்பி வசதி இல்லை. கடைக்காரர் ஒரு வட்டில் ஐந்து பாகங்கள்தான் பிடிக்கும் என்கிறார். 4.7 ஜிபி வட்டில் பதினைந்து பாகங்கள் கொள்ள வேண்டாமா? அந்த வட்டும் கணினியில் 4.37 ஜிபி என்றே காட்டுகிறது. என்னை ஏமாற்றுகிறார்களா?

பதில்: வட்டின் கொள்ளளவில் ஏமாற்று எதுவும் இல்லை. உறையில் 4.7 ஜிபி என்று அச்சிடுபவர்கள் 470 கோடி பைட்டுகளைக் குறிக்கிறார்கள். விண்டோஸ் கணினியோ ஆயிரத்துக்குப் பதிலாக 1,024ஆல் வகுத்துக் கணக்கிடுவதால், அதே இடத்தை 4.37 என்று காட்டுகிறது.

கடைக்காரர் சொன்ன ஐந்து பாகக் கணக்கும் நியாயமானதே. எந்த டிவிடி பிளேயரிலும் ஓடக்கூடிய வீடியோ டிவிடியாகத் தயாரிக்கும்போது, உங்கள் கோப்புகள் எம்பெக்-2 என்ற பழைய வீடியோச் சுருக்க முறைக்கு மாற்றப்படுகின்றன. இம்முறை இன்றைய முறைகளைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், 300 மெகாபைட் கோப்பு மாற்றிய பின் மூன்று மடங்காகவும் பெருகலாம். ஆகவே இங்கே பார்க்க வேண்டியது ஜிபி அன்று, நிமிடம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் ஒரு வட்டில் மொத்தம் 37,600 மெகாபிட் அடங்கும்; அதை ஓடும் நேரத்தின் விநாடிகளால் வகுத்தால் ஒரு விநாடிக்குக் கிடைக்கும் பங்கு தெரியும். ஐந்து பாகங்களுக்கு 7,500 விநாடி, அதாவது விநாடிக்கு ஐந்து மெகாபிட்; படம் தெளிவாக இருக்கும். 26 பாகங்களையும் ஒரே வட்டில் திணித்தால் விநாடிக்கு ஒரு மெகாபிட்கூடத் தேறாது. பழைய விசிடியைப் போல, சில இடங்களில் அதைவிடவும் மோசமாக, படம் கட்டம் கட்டமாக உடையும். கரும்பலகை எழுத்தையும் வரைபடத்தையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வட்டைக் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. படத்தின் அகலத்தைப் பாதியாக்கி 352க்கு 576 புள்ளிகள் என்ற அளவில் பதிவு செய்தால், ஒன்பது பாகங்கள் வரை ஒரு வட்டில் ஏற்றலாம். மூன்று வட்டுகளில் தொடர் முடிந்துவிடும். பேச்சே மிகுந்த பாகங்களுக்கு இது போதும். முழுத் தெளிவு வேண்டுமென்றால் நான்கு வட்டுகளில் ஐந்தைந்தும் ஐந்தாவதில் ஆறுமாகப் பிரியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் டிவிடிஸ்டைலர் மென்பொருளில் இரண்டையும் நீங்களே செய்துகொள்ளலாம்.

ஆனால் பணம் செலவழிக்கும் முன் உங்கள் பிளேயரின் முகப்பில், சுருக்கிய கணினி வீடியோ கோப்புகளையும் ஓட்டும் என்பதைக் காட்டும் டிவ்எக்ஸ் (DivX) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரே வட்டு என்ற உங்கள் விருப்பமே நிறைவேறும். அவிடெமக்ஸ் போன்ற இலவச மென்பொருளால் ஒவ்வொரு பாகத்தையும் எக்ஸ்விட் முறையில், ஏவிஐ கோப்பாக, 160 மெகாபைட் அளவுக்குச் சுருக்குங்கள். 26 பாகங்களும் சேர்ந்து 4.2 ஜிபிக்குள் அடங்கிவிடும். அவற்றை வீடியோ டிவிடியாக அல்லாமல், கோப்புகளாகவே இருக்கும் தரவு வட்டாகப் பதிய வேண்டும். முதலில் ஒரே ஒரு பாகத்தை மாற்றிப் பதிந்து, படிப்பகத்துப் பிளேயரில் ஓட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றில் இறங்குங்கள். தரவிறக்கிய கோப்புகளை மாற்றாமல் அப்படியே பதிந்தால் பழைய பிளேயர்கள் பெரும்பாலும் படிக்கமாட்டா.

8.5 ஜிபி கொண்ட இரட்டை அடுக்கு வட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன். விலையும் அதிகம், பழைய பிளேயர்கள் இரண்டாம் அடுக்குக்கு மாறும் இடத்தில் தடுமாறுவதும் உண்டு. ஓரடுக்கு டிவிடி-ஆர் வட்டே போதும். உதிரியாக எடுத்துத் தருவதை வாங்காமல், தயாரிப்பாளர் பெயரும் அதிகபட்ச விலையும் அச்சிட்ட பெட்டியைக் காட்டச் சொல்லி, ரசீதுடன் வாங்குங்கள். கடையிலேயே பதியச் செய்தால் 16 மடங்கு வேக வட்டை எட்டு மடங்கில் பதியவும், முடிந்ததும் சரிபார்க்கவும், வட்டை நிறைவு செய்து மூடவும் (finalise) கேளுங்கள். மூடப்படாத வட்டை வேறு பிளேயர் ஏற்காமல் போகக்கூடும்.

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வியர்க்கும் வீடுகளில் ஈரமும் பூஞ்சையும் வட்டுகளுக்குப் பகை. மேலே காகித ஒட்டி ஒட்டாமல், அதற்கென உள்ள பேனாவால் பெயர் எழுதி, கெட்டி உறையில் நிமிர்த்தி வையுங்கள். கோப்புகளின் மூலப் படி குன்னூர்க் கணினியிலேயே இருக்கட்டும். ஒரு வட்டு கெட்டால் அதை மட்டும் மீண்டும் பதிந்துகொள்ளலாம்.