முதல் உலகப் போரில் பறக்கும் படகுகளால், அதாவது நீரில் இறங்கி ஏறும் படகு வடிவ விமானங்களால், ஜெர்மன் நீர்மூழ்கிகளை உண்மையிலேயே தடுக்க முடிந்ததா?

முடிந்தது என்றே உறுதியாகச் சொல்வேன். ஆனால் எத்தனை நீர்மூழ்கிகளை மூழ்கடித்தன என்பதை வைத்து அவற்றை அளந்தால் தவறான முடிவுக்கே வருவோம்; அன்று வெற்றியென்று அறிவிக்கப்பட்ட தாக்குதல்களில் பல, போருக்குப் பின் ஜெர்மன் ஆவணங்களோடு ஒப்பிட்டபோது நிற்கவில்லை.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஃபெலிக்ஸ்டோ தளத்திலிருந்து 1917 ஏப்ரலில் தொடங்கிய 'சிலந்தி வலை' ரோந்தைப் பாருங்கள். வட கடலில் கலங்கரை விளக்கம்போல் நங்கூரமிட்டிருந்த நார்த் ஹிண்டர் விளக்குக் கப்பலை நடுவாக வைத்து, எட்டுத் திசைகளிலும் 30 கடல் மைல் நீளத்துக்குக் கோடுகள் வரைந்து, அவற்றைக் குறுக்குக் கோடுகளால் இணைத்து, ஏறத்தாழ 4,000 சதுர மைல் பரப்பைப் பகுதி பகுதியாகத் தேடினார்கள். நீர்மேல் செல்லும் நீர்மூழ்கிக்கே அந்தப் பரப்பைக் கடக்கச் சுமார் பத்து மணி நேரம் ஆகும். விமானத்தைக் கண்டு மூழ்கிவிட்டால், மின்கலத்தின் வலுவில் மெதுவாக ஊர்ந்து செல்வதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. பார்வையும் வேகமும் ஒருசேரக் குறைந்துவிடும். தலையை வெளியே காட்டவிடாமல் செய்ததே இந்த ரோந்தின் பெரும் பயன் என்பது என் கருத்து.

இதைச் சாத்தியமாக்கியவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் ஜான் சிரில் போர்ட். காசநோயால் கடற்படைப் பணியிலிருந்து விலகியிருந்த அவர், 1914-இல் அமெரிக்காவில் கர்டிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடக்கும் பறக்கும் படகை உருவாக்கிக்கொண்டிருந்தபோது போர் மூண்டது. பிரிட்டன் பின்னர் கர்டிஸ் படகுகளை வாங்கியது. ஆனால் அலையடிக்கும் திறந்த கடலில் அவற்றின் அடிப்பகுதி தாங்கவில்லை. ஆகவே போர்ட் அடிப்பாகத்தையே மாற்றியமைத்தார். நீரைக் கிழிக்கும் கூர்மையான அடி, அதன் குறுக்கே படிபோன்ற வெட்டுகள். வேகம் கூடும்போது இந்தப் படிகளின் பின்னால் காற்று புகுந்து, படகைக் கீழே பிடித்திழுக்கும் நீரின் பற்றை அறுத்துவிடும். அதன் பிறகே படகு மேலெழ முடியும். இவ்வாறு உருவான ஃபெலிக்ஸ்டோ எஃப்.2ஏ, இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஈகிள் எஞ்சின்களோடு சுமார் ஆறு மணி நேரம் பறந்தது.

குறைகளும் இருந்தன. 1918 ஜூன் 4 அன்று ஜெர்மன் கடல் விமானங்களோடு நடந்த சண்டைக்குமுன், ஒரு எஃப்.2ஏ எரிபொருள் குழாய் உடைந்து கடலில் இறங்க நேர்ந்தது. அதன் பிறகு, இறங்கிய படகைத் தொலைவிலிருந்தே கண்டுபிடித்து மீட்பதற்காக, ஒவ்வொன்றுக்கும் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களைத் தீட்டினார்கள்.