தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: ஒன்பது வருஷமான பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூர் போகும்போது, வடுவூர் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அவசரத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் அப்படியே ஓட்டி, பிறகு நிறுத்தி போர் தண்ணீர் ஊற்றினேன். அதிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு லிட்டர் குறைகிறது. வீட்டு போர் தண்ணீரையே ஊற்றி வருகிறேன், கொஞ்சம் உப்புத்தான். கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. மெக்கானிக் பானட்டைத் திறந்ததுமே, "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்கணும்" என்கிறார். நம்பலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: போயிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு. எரியும் வாயுவும் தண்ணீரும் ஆயிலும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுப்பது அதுதான். சிவப்பில் ஐந்தாறு கிலோமீட்டர் என்பது அலுமினிய ஹெட்டுக்குப் பெரிய தண்டனை. ஆனால் பானட்டைத் திறந்த மாத்திரத்தில் அதைச் சொல்ல முடியாது. மன்னார்குடியில் இருபத்தெட்டு வருஷமாகப் பட்டறை நடத்துகிறேன், என்னாலும் முடியாது.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். சூட்டில் தயவுசெய்து வேண்டாம். அந்த மூடி ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. தளர்த்திய நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். என் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையனுக்கு முன்கை வெந்துபோனதை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆறிய எஞ்சினிலும் மூடி 'புஸ்' என்று காற்றுவிட்டால் முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிடும். அப்புறம் கழுத்துவரை நிரப்பி, மூடாமல் ஸ்டார்ட் செய்து தள்ளி நில்லுங்கள். தொடக்கத்தில் நாலைந்து குமிழ் வருவது தங்கியிருந்த காற்று. நிற்காமல் குமிழ் வந்து தண்ணீரையே வெளியே தள்ளினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர் வழிக்குள் நுழைகிறது. இரண்டு மூன்று நிமிஷத்தில் ஆஃப் செய்துவிடுங்கள். இன்னொரு காலை மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, ஃபேனில் கை படாமல் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சூடு வருவதற்கு முன்பே அது கல் மாதிரி இறுகினாலும் அதே அர்த்தம்தான்.

தை மாதக் காலையில் எல்லா சைலன்சரும் வெள்ளையாகத்தான் விடும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் அந்த வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால்தான் கணக்கு. ஆயில் குச்சியில் டிகாக்‌ஷனில் பால் ஊற்றிய நிறம் தெரிந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள், அந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ஆயில் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து கேஸ்கட் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். அது எந்த இடத்தில் விட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இவை எதுவும் இல்லையென்றால் கைப்பம்பு வைத்து ரேடியேட்டரை அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வாட்டர் பம்பில் கசிவது சூட்டிலேயே காய்ந்துபோகும், தரையில் தெரியாது. ஹீட்டரில் கசிந்தால் முன் சீட்டின் கால் பாய் ஈரமாகும்.

சரி, கேஸ்கட்தான் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் ஏன் ஹீட் ஏறியது? மெக்கானிக்கிடம் இதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். ஊருக்குள் ஊர்ந்து போகும்போது ஏறி, ரோட்டில் ஓடும்போது இறங்கினால் ஃபேனைப் பார்க்கலாம். உங்களுக்கு ஓட்டத்திலேயே ஏறியிருக்கிறது. நீங்கள் போனது சம்பா அறுவடை நேரம். அறுவடை மெஷின் கிளப்பும் பதரும் நெல் சுணையும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மெத்தை போல் அடைந்துகொள்ளும். முன்னால் நின்று பார்த்தால் தெரியாது, கழற்றினால்தான் தெரியும். அங்கே சுத்தமாக இருந்தால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு), வாட்டர் பம்ப், ரேடியேட்டரின் உள் அடைப்பு என்று தேட வேண்டும்.

பட்டறை வைத்த புதிதில் ஒரு வாடகைக் காருக்கு கேஸ்கட் மட்டும் மாற்றிக் கொடுத்தேன். நாற்பதாம் நாள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். தெர்மோஸ்டாட் பாதிதான் திறந்திருந்தது. முகூர்த்த மாதத்தில் அந்த டிரைவர் இழந்த சவாரிகளுக்கு நான்தான் காரணம். அன்றிலிருந்து தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டு, அது திறப்பதைக் கண்ணால் பார்க்காமல் ஹெட்டை ஏற்றுவதில்லை.

ஹெட்டை இறக்கினால் கூடவே இருங்கள். நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவு பார்க்க வேண்டும். பல எஞ்சின்களில் 0.05 மி.மீ. வளைவுக்கு மேல் ஆகாது, லேத் பட்டறையில் ஃபேஸிங் (பரப்பைச் சீவிச் சமமாக்குவது) கொடுக்க வேண்டியதுதான். வெடிப்பு இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். உங்கள் வண்டியின் ஹெட் போல்ட் ஒருமுறைக்கானது என்றால் புதிது வாங்குங்கள். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்க உதவும் ஸ்பேனர்) இல்லாமல் முறுக்க விடாதீர்கள்.

அதுவரை ஓட்ட வேண்டாம். வேலை முடிந்ததும் உப்புத் தண்ணீரை முழுக்க அலசி வெளியேற்றி, கூலண்டும் (ரேடியேட்டருக்கென்றே விற்கும் திரவம்) டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி ஊற்றுங்கள். வடித்த பழைய தண்ணீரில் கூலண்ட் மிச்சம் இருக்கும். வாய்க்காலில் ஊற்றாமல் கேனில் மூடி வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கிவிடும், அது விஷம்.