பேச ஆளில்லாத பகல்கள்

கேள்வி: எனக்கு வயது 31. திருகோணமலையைச் சேர்ந்த நான் வங்கியொன்றில் வேலை பார்த்தேன். திருமணமாகி யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்கு வந்து, மகள் பிறந்ததும் வேலையை விட்டுவிட்டேன். அவளுக்கு இப்போது இரண்டரை வயது. கணவர் இரவில்தான் வீடு திரும்புவார். மாமி நல்லவர், ஆனாலும் மனம்விட்டுப் பேச ஒரு சிநேகிதி இல்லை. வெளியே புறப்பட்டால் 'என்ன அலுவல்?' என்று மாமி கேட்கிறார். சொல்வதற்கு ஓர் அலுவலும் இல்லை. நான் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நல்ல வீட்டில் இருந்துகொண்டே தனிமையை உணர்கிறோமே என்ற கூச்சம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதற்குக் காரணமே இல்லை. வங்கியில் இருந்தபோது நீங்கள் சிநேகிதிகளைத் தேடிப் போயிருக்க மாட்டீர்கள். அதே முகங்களை நாள்தோறும் கண்டு, மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக உண்டதால் அவர்கள் தாமாகவே அமைந்தார்கள். வேலையை விட்டபோது சம்பளத்தோடு அந்த நேரமும் போய்விட்டது.

நட்புக்கு நேரம் எவ்வளவு தேவை என்பதை அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹோல், உங்களைப் போலப் புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தவர்களிடமும் புதிதாகச் சேர்ந்த மாணவர்களிடமும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார். அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணித்தியாலமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணித்தியாலத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம் சந்தித்தால் முதற்படிக்கே ஆறு மாதம் செல்லும். எனவே ஒரு மாதத்தில் மனம் ஒட்டவில்லை என்று எவரையும் கைவிட்டுவிடாதீர்கள்.

முன்பு இங்கே அயல்வீட்டுப் பெண்கள் வேலிப் பொட்டு வழியாகவே நாளுக்கு நாலு தடவை பேசிக்கொண்டார்கள். அந்த வேலிகள் பல இடங்களில் மதில்களாகிவிட்டன. ஆகவே அதே ஆட்கள் அதே நேரத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் இடமொன்றை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் போனாலும் அந்தச் சனத்திரளில் சிநேகிதி கிடைப்பது அரிது. வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய கோயிலின் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வழக்கமாக வரும் சில பெண்களிடம் அந்த வாய்ப்பு அதிகம். கிளினிக்கில் பிள்ளைகளின் நிறை பார்க்கும் நாளில், மகளின் வயதொத்த பிள்ளையோடு வரும் தாயிடம் பேச்சுக் கொடுத்து, தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒரு நாள் இருவருமாகப் பிள்ளைகளைப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு அழைத்துச் செல்லலாம். சனசமூக நிலையம் பக்கத்திலேயே இருக்கக்கூடும், ஆனால் பத்திரிகை பார்க்க வரும் ஆண்களே அங்கு பெரும்பாலும் இருப்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை. மகளுக்கு மூன்று வயதாகி முன்பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், பள்ளி விடுவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே படலையடிக்குப் போய் நில்லுங்கள். அங்கே காத்து நிற்கும் தாய்மாரை வாரத்தில் ஐந்து நாளும் காண்பீர்கள்.

சொன்னது ஊர்க்கதையாகிவிடுமோ என்ற பயம் நம்மிடையே பலருக்கு உண்டு, அது பொய்யான பயமும் அல்ல. முதல் சில மாதங்களுக்குப் பிள்ளையின் சாப்பாடு, நித்திரை, சமையல் என்று பேசுங்கள். வீட்டு விடயங்களை, அந்தப் புதிய சிநேகிதி பிறரைப் பற்றி உங்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்த பிறகு சொல்லலாம்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பிள்ளை உறங்கும்போதும் உறக்கம் வராமை, காரணமின்றி அழுகை, எதிலும் விருப்பமின்மை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது சிநேகிதியால் மட்டும் தீரக்கூடியது அல்ல. கிளினிக்கில் வைத்தியரிடம் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். காரணம் எதுவும் சொல்லாமல் புறப்படுவதால்தான் அந்தக் கேள்வி எழுகிறது என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் பின்னேரம் ஐந்து மணிக்குக் கோயிலுக்குப் போய் ஆறரைக்கு வருவேன் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, அந்த நேரத்தைத் தவறாமல் காப்பாற்றுங்கள். அதற்கு முன்பு, வேறு ஊரிலிருந்து மருமகளாக வந்து கைப்பிள்ளையோடு இருப்பவர்கள் உங்கள் ஒழுங்கையில் யார் யார் என்று மாமியிடமே கேளுங்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். முதல் தடவை அவரே உங்களைக் கூட்டிச் சென்று அறிமுகம் செய்தால், அதன் பிறகு அந்த வீட்டுக்கு நீங்கள் போவதை எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.