பழைய சோறும் பச்சைப்பயறும்: குடல் நலம், கேள்வி – பதில்

தினமும் பழைய சோறு சாப்பிட்டால் குடலில் நல்ல பாக்டீரியா பெருகும் என்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் சாப்பிட்ட அன்றே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டது. எங்கே தப்பு?
– வாசகி, மன்னார்குடி

தண்ணீர் ஊற்றிய நேரத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பகல் 12 மணிக்கு வடித்த சாதம் பானையிலேயே மூடிக் கிடக்கும். மீந்ததில் இரவு 9 மணிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பல வீடுகளில் இதுதான் வழக்கம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். உலை கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் அந்த ஒன்பது மணி நேரத்தில் முளைத்துப் பெருகி நச்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் நச்சு, சோற்றை மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

இரவு 7 மணிக்கு வடித்த சோற்றில் காலைக்கு வேண்டியதை உடனே எடுத்து அகலத் தட்டில் பரப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆறிவிடும். புறங்கையில் வைத்தால் சூடு தெரியாத பதத்தில் மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். உப்பைக் காலையில் போட்டுக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் 8 மணி நேரம் போதும். மார்கழிக் குளிரில் 12 மணி நேரம் வரை விடலாம். மெல்லிய புளிப்பு மணமும் லேசாகக் கலங்கிய நீருமே சரியான பதம். சோற்றைக் கையில் எடுக்கும்போது நூல் விட்டாலோ, ஊசல் வாடை அடித்தாலோ, இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ ஏதாவது படிந்திருந்தாலோ மாட்டுக்கும் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

சரியாக ஊறிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகியிருக்கும். சோறு ஆறும்போது மாவுச்சத்தில் சிறு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகும். ஆனால் அதன் அளவு சொற்பம். கூடவே கடித்துக்கொள்கிற ஐந்தாறு சின்ன வெங்காயத்தில் ஃப்ரக்டான் என்ற நார்ச்சத்து இருக்கிறது. நல்ல பாக்டீரியாக்களுக்கு அது மிகவும் பிடித்த தீனி. வெங்காயத்தையும் மோரையும் விட்டுவிட்டு அப்பளத்தோடு சாப்பிட்டால் பலன் பாதிதான்.

ஊறவைத்தால் இரும்புச்சத்து பல மடங்கு ஆகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். வெறும் தண்ணீரில் இரும்பு புதிதாக உண்டாகாது. அரிசியிலுள்ள, இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் ஃபைட்டிக் அமிலம் புளிப்பில் கொஞ்சம் குறைவதால், இருக்கிற இரும்பை உடல் சற்றுக் கூடுதலாக ஏற்கும், அவ்வளவே. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்குப் பழைய சோறு வேண்டாம்.

சாப்பாட்டை மாற்றினால் குடல் பாக்டீரியா மாற எத்தனை நாள் ஆகும்?
– வாசகர், பாபநாசம்

சில நாட்களிலேயே மாறத் தொடங்கும். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தினரும் 2 வாரங்களுக்குச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். நார்ச்சத்து நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் ஏறிய அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் என்ற, குடலுக்கு நல்லது செய்யும் கொழுப்பு அமிலத்தின் உற்பத்தி கூடியது, உட்சுவரின் அழற்சி குறைந்தது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த சாப்பாட்டுக்கு மாறிய கிராமத்தினருக்கு நேர்மாறாக ஆனது.

நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்குப் பெருமளவு ஆற்றல் இதிலிருந்தே கிடைக்கிறது. தீனி கிடைக்காவிட்டால் சில பாக்டீரியாக்கள் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே அரிக்கத் தொடங்கும். அதே வேகத்தில், பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் பலனும் போய்விடும். பத்து நாள் பத்தியம் இருந்து பயனில்லை.

நம் ஊர்ச் சாப்பாட்டில் குறை எங்கே இருக்கிறது என்றால், தட்டில் சோறு மலையாகவும் கூட்டும் பொரியலும் ஒரு கரண்டியாகவும் இருப்பதில்தான். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. முழுப் பச்சைப்பயறில் சுமார் 17, தோலோடு உள்ள உளுந்தில் சுமார் 20, கேழ்வரகில் 11, முருங்கைக்கீரையிலும் கொய்யாவிலும் 8 கிராம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். தையில் சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தும் பயறும் விதைத்து, மண் ஈரத்திலும் பனியிலும் விளைய வைக்கிற ஊர்கள் நம்முடையவை. அந்தப் பயறு மூட்டையாக வியாபாரிக்குப் போய், வீட்டுக்குத் தோல் நீக்கிய வெள்ளை உளுந்து மட்டும் திரும்பி வருவது மனதை உறுத்துகிறது. விற்பதில் பத்துக் கிலோவையாவது தோலோடு வீட்டுக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பயறு, சுண்டல் சாப்பிட ஆரம்பித்ததும் வயிறு உப்பி, வாயு தொல்லை தாங்கவில்லை. விட்டுவிடலாமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

விட வேண்டாம், அளவைக் குறையுங்கள். பயறில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி நம் குடலில் சுரப்பதில்லை. பாக்டீரியா உடைக்கும்போது வாயு வருகிறது. இதுவரை நார்ச்சத்தே போகாத குடலில் ஒரே நாளில் ஒரு கிண்ணம் சுண்டல் இறங்கினால் உப்பத்தான் செய்யும்.

இரவே ஊறப்போட்டு, 8 மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். முளைகட்டினால் அந்தச் சர்க்கரைகள் இன்னும் குறையும். விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். அரைவேக்காடுதான் பல நேரம் தொல்லை தருகிறது. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், வெந்த பயறு 2 மேசைக்கரண்டி. அடுத்த வாரம் அதே அளவைத் தினமும். பிறகு மெல்ல அரைக் கிண்ணம் வரை போகலாம். கொண்டைக்கடலையைவிடப் பாசிப்பருப்பு எளிது, அதில் தொடங்குங்கள். தண்ணீரும் கூட்டிக் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நார்ச்சத்தே மலத்தைக் கட்டிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறு, வாழைப்பழம், கீரை அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

இட்லி மாவு புளிக்கிறதே, இட்லியிலும் நல்ல பாக்டீரியா இருக்குமா?
– வாசகி, கும்பகோணம்

மாவில் இருக்கும், இட்லியில் இருக்காது. ஆவியில் செத்துவிடும். எளிதில் செரிப்பதும் பி வைட்டமின்களும் மிச்சம். உயிரோடு வேண்டுமென்றால் சூடாக்காத தயிர், மோர். மோர்க்குழம்பு கணக்கில் சேராது.

மாப்பிள்ளைச் சம்பாவுக்கு மாறினால் சர்க்கரை நோய்க்காரர் வயிறு நிறையச் சாப்பிடலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

கூடாது. எந்த ரகமானாலும் சோறு சோறுதான். சமைத்த சாதம் ஒரு கிண்ணத்தோடு நிறுத்தி, மீதித் தட்டைக் காய்கறியாலும் பருப்பாலும் நிரப்புங்கள். நார்ச்சத்து தவிட்டில் இருப்பதால், தீட்டி வாங்கிய மாப்பிள்ளைச் சம்பாவில் பெயர்தான் மிஞ்சும். தவிடு நீக்காத அரிசி எண்ணெய்ப்பசையால் சிக்கு வாடை அடித்துவிடும். ஒரு மாதத்துக்கு மேல் தேவையானதை வாங்கி வைக்காதீர்கள். இரவே ஊறவைத்தால்தான் ஒழுங்காக வேகும்.

ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு புரோபயாடிக் மாத்திரை அவசியமா?
– வாசகி, நாகப்பட்டினம்

உயிருள்ள நல்ல பாக்டீரியாக்கள் அடங்கியதுதான் புரோபயாடிக். அது எல்லோருக்கும் அவசியமில்லை. 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனம் வெளியிட்ட சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் புரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் திரும்பி வரத் தாமதமானது. சிலவகை புரோபயாடிக்குகள் வயிற்றுப்போக்கைத் தடுக்க உதவுவதும் உண்மை; ஆகவே எதை, எத்தனை நாள் என்று மருத்துவர் சொல்லட்டும். மருந்துக்கும் அதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள். பாக்டீரியாக்கள் மீள வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அதுவரை மோர், பாசிப்பருப்பு, வாழைப்பூ, கீரை என்று மாற்றி மாற்றிச் சேருங்கள்.

எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அதைவிடப் பெரிய கேடு, சளி பிடித்ததும் மெடிக்கலில் கேட்டு நாமே வாங்கி விழுங்குவது. சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடக்கூடச் செய்யாது, குடலைத்தான் கெடுக்கும். மருந்து முடிந்த சில வாரங்களுக்குள் ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனாலோ, காய்ச்சலோ ரத்தமோ கலந்தாலோ, வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாமல் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் குடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள் என்ற சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.