கட்டைவிரலை மறந்த கைகள்

வாசகர் கேள்வி – பதில்

(31 ஆண்டுகள் செவிலியராகவும், அவற்றில் கடைசி 12 ஆண்டுகள் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவிலும் பணியாற்றி ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இணையவழிப் பயிற்சி பற்றியவை.)

கேள்வி: இரவுப் பணிக்கு நடுவே, தொற்றுத் தடுப்புப் பயிற்சியை ஆன்லைனில் முடித்தேன். வீடியோவை ஓடவிட்டுவிட்டு மருந்து கொடுக்கப் போனேன் என்பதுதான் உண்மை. தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு. சான்றிதழும் வந்துவிட்டது. மனம்தான் உறுத்துகிறது. இந்தப் பயிற்சியால் பயன் உண்டா?

பதில்: உறுத்துகிறதல்லவா, அதுவே பாதி பயன். 'மேற்கண்ட அனைத்தும்' என்ற விடை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற ரகசியம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். நானும் அப்படி இரண்டு சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றலான முதல் வாரம், புற ஊதா விளக்கின் கீழ் ஒளிரும் திரவம் ஒன்றைக் கொடுத்து, வழக்கமாகக் கையில் தேய்ப்பதுபோலத் தேய்க்கச் சொன்னார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வருட அனுபவம். அலட்சியமாகத் தேய்த்துவிட்டு, விளக்கு வைத்த கறுப்புப் பெட்டிக்குள் கைகளை நீட்டினேன். உள்ளங்கை இரண்டும் நீலமாகப் பளபளத்தன. வலது கட்டைவிரல் மட்டும் அடிமுதல் நுனிவரை இருட்டாக நின்றது. விரல் நுனிகளிலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு. நாடி பார்ப்பதும், ரத்தக்குழாயில் செருகும் கேனுலாவை அழுத்திப் பிடிப்பதும், மாத்திரையை உறையிலிருந்து பிதுக்குவதும் அந்த விரல்கள்தானே! வலக்கைக்காரர்கள் வலது கையால் இடது கையை நன்றாகத் தேய்த்துவிடுவோம். தேய்க்கும் கையைத் தேய்க்க மறந்துவிடுவோம். அன்று பெட்டிக்குள் கையை நீட்டிய பதினொரு பேரில் ஏழு பேருக்குக் கட்டைவிரல் இருட்டு.

எந்த வீடியோவும் இதை எனக்குக் காட்டியிருக்க முடியாது. வீடியோவில் வருவது வேறொருவருடைய கை. ஆனால், ஏன் தேய்க்க வேண்டும், எப்போது தேய்க்க வேண்டும் என்பதைத் திரை நன்றாகவே கற்றுத்தரும். அதனால் பாடத்தை முழுக்கத் திரும்பப் பார்க்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 'ஐந்து தருணங்கள்' பகுதியை மட்டும், இன்று நீங்கள் பார்த்துக்கொண்ட ஒரு நோயாளியை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நோயாளியைத் தொடும் முன், தூய்மை தேவைப்படும் செயலுக்கு முன், உடல் திரவம் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். ஐந்தாவதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். மருந்து பம்ப் கத்துகிறது. ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்துகிறோம். 'நோயாளியைத் தொடவே இல்லையே' என்று அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறோம். அந்தப் பொத்தானை அதற்கு முன் எத்தனை கைகள் அழுத்தினவோ.

கேள்வி: கையுறை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றாமல், அதன் மேலேயே ஆல்கஹால் திரவத்தைத் தேய்த்துக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. கையுறை கிருமியை அழிப்பதில்லை, சுமந்துகொண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். ஆல்கஹாலும் அதை நைந்துபோக வைக்கலாம். கழற்றும்போது விரல் அழுக்காவது தனிக்கதை. ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் கைச்சுத்தம். ஒரே கையுறையோடு படுக்கைக் கம்பி, கோப்பு, தொலைபேசி என்று வலம் வந்த ஒரு தங்கையிடம் 'யாரைக் காப்பாற்ற இதைப் போட்டிருக்கிறாய்?' என்று கேட்டேன். 'என்னை, அக்கா' என்றாள். பொய் சொல்லாததற்காகப் பாராட்டினேன்.

கேள்வி: வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்தபின் சோப்புதான் போட வேண்டும் என்கிறது பயிற்சி. எங்கள் வார்டில் எங்கு பார்த்தாலும் ஆல்கஹால் பாட்டில். எதைக் கேட்பது?

பதில்: பயிற்சியை. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி வித்துகளாக உறங்கும். ஆல்கஹால் அந்த வித்துகளைக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். தொடக்கம் முதல் துடைப்பது வரை 40 முதல் 60 விநாடி. கண்ணுக்குத் தெரிந்த அழுக்கு இருந்தாலும் சோப்புதான். மற்ற நேரங்களில் ஆல்கஹால் திரவமே சிறந்தது. 20 முதல் 30 விநாடியில் வேலை முடிந்துவிடும்.

கேள்வி: எங்கள் மூத்த மருத்துவர் கை சுத்தம் செய்யாமலே அடுத்தடுத்த நோயாளிகளைத் தொடுகிறார். பயிற்சியில் 'தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்' என்கிறார்கள். சுட்டிக்காட்டினால் நான் வார்டில் இருக்க முடியுமா?

பதில்: அந்த வரியை எழுதியவர் இரவு வார்டில் நின்றவராக இருக்க மாட்டார்! வியன்னாவில் 1847இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணக்கூடத்திலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வந்த மருத்துவர்களையும் மாணவர்களையும் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். அந்த வார்டில் ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் மரணம், சில வாரங்களில் இரண்டுக்கு வந்தது. கணக்கு கையில் இருந்தும் பலர் அவரை ஏற்கவில்லை. பின்னாளில் அவர் கடுமையாகத் திட்டிக் கடிதங்கள் எழுதினார். அதனாலும் பலர் மனம் மாறவில்லை. மருத்துவருக்கே அந்தக் கதி.

நான் சுட்டிக்காட்டுவதை விட்டுவிட்டேன். மருத்துவர் படுக்கையை நெருங்கும்போது பாட்டிலோடு முந்திக்கொண்டு போய் நிற்பேன். என் கையில் ஊற்றிக்கொண்டு, அப்படியே அவர் பக்கம் நீட்டுவேன். நீட்டிய பாட்டிலுக்கு முன்னால் மனிதர்கள் தாமாகக் கையை ஏந்திவிடுகிறார்கள், கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல. மறுத்தவர் ஒரே ஒருவர். அவரைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடம் விட்டேன். அது உங்கள் தலையில் வர வேண்டிய சண்டை அல்ல.

கேள்வி: எங்கள் செவிலியர்களுக்கு ஆன்லைன் பாடம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. எண்பது ஸ்லைடுகள் செய்துவிட்டேன். வேறென்ன சேர்க்கலாம்?

பதில்: சேர்க்காதீர்கள், எழுபதை எடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கையிலிருந்து ஒரு கணக்கை மட்டும் முதலில் வையுங்கள்: உடனடி, குறுகிய காலச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் சேரும் நூறு பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும் மற்ற நாடுகளில் 15 பேருக்கும் மருத்துவமனையிலேயே தொற்று வருகிறது. பிறகு உங்கள் வார்டையே படம் பிடியுங்கள். தரையில் கிடக்கும் சிறுநீர்ப் பை, கிருமிநாசினி ஈரம் காயும் முன்பே துடைக்கப்படும் மேசை. ஐந்து நிமிடம் போதும். கேள்விகளைப் பாடம் முடிந்ததும் கேட்காமல் ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். எது தங்கியது என்று அப்போதுதான் தெரியும்.

பாதுகாப்பு உடையைக் கழற்றுவதைத் திரையில் காட்டலாம், கற்பிக்க முடியாது. ஒருவர் கழற்ற, இன்னொருவர் எதிரில் நின்று பார்க்க வேண்டும். அணியும்போது பதற்றத்தில் கவனமாக இருக்கிறோம். கழற்றும்போது களைப்பில் கை முகத்துக்குப் போய்விடுகிறது. துப்புரவுப் பணியாளர்களையும் பயிற்சியில் சேர்த்தீர்களா? கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

கேள்வி: நேற்று ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது. பயிற்சியை முடித்த பிறகும் இப்படி ஆனதால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: 'நேற்று' என்று எழுதியிருக்கிறீர்கள், கடிதம் என் கைக்கு வந்தது மறுநாள் காலை. உடனே உங்களை அழைத்துப் பேசிவிட்டேன். இது மற்றவர்களுக்காக. குத்திய இடத்தைப் பிதுக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். அந்த நிமிடமே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்; முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட விவரம் கையில் இருக்கட்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடவே கூடாது. ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மாற்றச் சொல்லுங்கள், அதுவும் கைக்கு எட்டும் இடத்தில். நீங்கள் மூடி போட்டதற்குக் காரணம், பெட்டி நடைக்கூடத்தின் மறுகோடியில் இருந்தது என்றீர்கள். அதை அறிக்கையில் எழுதிவிட்டீர்களா?