கண்ணாடிக்குள் பழகும் கதிர்வீச்சு

கேள்வி: மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலும் எனது மகன், வெளிநாட்டு அணுமின் நிலையங்களில் ஊழியர்களுக்கு வீ.ஆர். (கணினி உருவாக்கும் மெய்நிகர் காட்சி) கண்ணாடி அணிவித்துப் பயிற்சி கொடுப்பதாகவும், தான் அத்துறையில் ஆய்வு செய்யப்போவதாகவும் கூறுகிறான். கணினி விளையாட்டுப் போன்ற ஒன்றை நம்பி ஒருவரை உலைக்கு அருகில் அனுப்பலாமா? அணு உலையே இல்லாத நம் நாட்டில் இதனால் என்ன பயன்?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: அதையும் நம்பலாம், அதை மட்டும் நம்பக் கூடாது.

உண்மை நிலையைப் போலவே அமைத்துப் பழகும் பாவனைப் பயிற்சி இத்துறைக்குப் புதியதன்று. 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் விபத்தின்போது இயக்குநர்கள் தம் முன்னிருந்த காட்டிகளைப் பிழையாக விளங்கிக்கொண்டனர். அதன் பின்னரே, கட்டுப்பாட்டறையை அச்சொட்டாக ஒத்த அறைகளில் பழகுவது அங்கு பரவலாகிப் பின்பு கட்டாயமுமாயிற்று. ஆனால் உள்ளே சென்று வால்வைக் கழற்றுபவருக்கும் குழாயை வெட்டுபவருக்கும் அந்த அறைகளால் பெரிய பயனில்லை. வீ.ஆர். கண்ணாடியும், கண்முன் உள்ள இடத்தின் மீதே தகவலைப் படியவைத்துக் காட்டும் கருவிகளும் அடங்கிய 'நீட்டித்த மெய்ம்மை' இவர்களுக்கே அதிகம் உதவுகிறது.

நெருப்பு சுடும், ஆகவே கை தானாகப் பின்வாங்கும். கதிர்வீச்சையோ எந்தப் புலனாலும் உணர முடியாது. லேசர் கருவியால் அளந்தெடுத்த அறையின் மாதிரியில் கதிர்வீச்சின் செறிவை நிறங்களாகக் காட்டினால், எந்த மூலையில் நிற்கக் கூடாதென்பதை ஊழியர் முன்கூட்டியே கண்டுகொள்கிறார். புள்ளி போன்ற கதிர்வீச்சு மூலமொன்றிலிருந்து, அதாவது கதிர்வீச்சை வெளிவிடும் சிறு பொருளொன்றிலிருந்து, ஒரு மீற்றரில் நிற்பவர் இரண்டு மீற்றருக்கு விலகினால், அவர் பெறும் அளவு நான்கிலொன்றாகிவிடும். மணிக்கு 2 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) உள்ள இடத்தில் அரை மணி நேரம் பிடிக்கும் வேலையைப் பழகிப் பழகி 12 நிமிடத்தில் முடித்தால், 1 மில்லிசீவர்ட் 0.4 ஆகக் குறையும். ஊழியர் ஒருவருக்குச் சர்வதேசப் பரிந்துரை அனுமதிப்பது, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் மட்டுமே என்பதால், இது சிறிய இலாபமன்று. நோர்வேயின் ஹால்டன் ஆய்வாளர்கள், யப்பானின் ஃபுகென் உலையைப் பிரித்து அகற்றும் பணிக்கு இத்தகைய திட்டமிடல் மென்பொருளை உருவாக்கிக் கொடுத்தார்கள்.

எனினும் பாதுகாப்பு உடைக்குள் வழியும் வியர்வையையும், இரட்டைக் கையுறையுடன் திருகாணியைப் பிடிக்கும் சிரமத்தையும் கண்ணாடி கற்பிக்காது. யப்பானில் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் பணிகளுக்காக அமைக்கப்பட்ட நராஹா நிலையத்தில் மெய்நிகர் அறையுடன், உலைப் பகுதியொன்றின் முழு அளவு மாதிரியும் இருப்பது எதற்கென்று யோசித்துப் பாருங்கள். இதைவிட நான் அஞ்சுவது வேறொன்று: மாதிரியிலுள்ள கதிர்வீச்சு அளவீடுகள் பழையனவாக இருந்தால், ஊழியர் தவறான இடத்தில் துணிவோடு நிற்பார்.

இலங்கையில் அணு உலை இல்லை. கதிர்வீச்சு மூலங்கள் உண்டு. பியகமவில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு பொருட்களைக் கிருமிநீக்கும் காமா நிலையம் இயங்குகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையிலும், உலோக ஒட்டுகளைப் படமெடுத்துச் சோதிக்கும் தொழிலிலும் கதிர்வீச்சைப் பயன்படுத்துகிறோம். அவ்வாறு படமெடுக்கையில், கவசத்திலிருந்து குழாய் வழியே வெளியே செலுத்திய மூலம் மீண்டும் கவசத்துக்குள் திரும்பாமல் குழாயில் சிக்கிக்கொள்வது உலகில் பல இடங்களில் நேர்ந்திருக்கிறது. அதை மீட்கும் முறையை உண்மையான மூலத்தை வைத்துப் பழக எவரும் இடமளிக்கமாட்டார். உங்கள் மகன் அந்த ஒரு பயிற்சியைத் தெரிவுசெய்து, காட்சியின் அழகைவிடக் கதிர்வீச்சுக் கணக்கின் துல்லியத்துக்கு அதிக நேரம் செலவிடுவாரானால், அவரது ஆய்வுக்கு இந்த நாட்டிலேயே வேலை இருக்கிறது.