கேளுங்கள்: சைடருக்குக் காற்று ஆகாது, காடிக்குக் காற்று வேண்டும்

இந்த முறை புளிப்பு சம்பந்தமாகவே நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒன்று இங்கிலாந்திலிருந்து, மற்றவை நம் டெல்டாவிலிருந்து. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

சொந்த ஊர் திருவையாறு, வேலை இங்கிலாந்தில் ஹியர்ஃபோர்டு பக்கம். இங்கே வீட்டுக்கு வீடு ஆப்பிள் மரம், இலையுதிர் காலத்தில் சும்மாவே தருகிறார்கள். சாறு பிழிந்து 19 லிட்டர் ஸ்டீல் கெக்கில் (அழுத்தம் தாங்கும் பீப்பாய்) சைடர், அதாவது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது, போடுகிறேன். வேறு கெக்குக்கு மாற்றும்போது பாதி நுரையாகவே போகிறது, கசடும் கூட வருகிறது. போன தடவை மாற்றியது ஒரு மாதத்தில் பழுப்பாகி காடி (வினிகர்) நெடி அடித்தது. எங்கே தப்பு? — ஹியர்ஃபோர்டு வாசகர்

நுரை, கசடு, காடி நெடி மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. நெடியை முதலில் பார்ப்போம், மற்ற இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம், இது மொத்தச் சரக்கையும் கெடுத்துவிடும். சாறு பொங்கிக்கொண்டிருக்கும் வரை காற்றைப் பற்றிக் கவலை இல்லை, ஈஸ்ட் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடே உள்ளே காற்று வராமல் பார்த்துக்கொள்ளும். பொங்கல் அடங்கின பிறகு மூடியைத் திறந்து, மேலிருந்து சளசளவென்று இன்னொரு கெக்கில் ஊற்றினால், அதில் கலக்கிற ஆக்சிஜன் நிறத்தைப் பழுப்பாக்கும், காடியாக்கும் பாக்டீரியாவுக்கும் அதுதான் சாப்பாடு. அதனால் மாற்றும்போது இரண்டு கெக்கின் மூடியையும் திறக்கவே கூடாது.

காலி கெக்கில் இருக்கும் காற்றை எப்படி வெளியேற்றுவது என்பதுதான் அடுத்த கேள்வி. வழக்கமான வழி, கழுவின கெக்கை சானிடைசர் கலந்த தண்ணீரால் வாய் வரை நிரப்பி, சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கேஸை விட்டு அந்தத் தண்ணீர் முழுவதையும் வெளியே தள்ளுவது. தண்ணீர் போன இடம் முழுக்க கேஸ்தான் இருக்கும். இன்னொரு வழி எனக்கு அதைவிடப் பிடிக்கும், செலவே இல்லை. 17 லிட்டர் ஆப்பிள் சாறு முழுசாகப் புளித்து முடிக்கும்போது 500 லிட்டருக்குப் பக்கத்தில் கேஸ் விடுகிறது. அதை ஏன் வீணாக்க வேண்டும்? கெக்கில் கேஸுக்கு ஒரு வாய், சைடருக்கு ஒரு வாய் இருக்கும், சைடர் வாயிலிருந்து ஒரு குழாய் உள்ளே அடி வரை போகும். புளிக்கிற கெக்கின் கேஸ் வாயிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து, சுத்தம் செய்த காலி கெக்கின் சைடர் வாயில் மாட்டிவிடுங்கள். காலி கெக்கின் கேஸ் வாயிலிருந்து இன்னொரு ட்யூப், அதன் நுனி ஒரு பாட்டில் தண்ணீருக்குள் முங்கி இருக்கட்டும். கேஸ் அந்த அடி வரை போகிற குழாய் வழியாக இறங்கிக் கீழிருந்து நிரம்பி, காற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சைடர் தயாராகும்போது கெக்கும் தயார்.

மாற்றுகிற நாளில் இரண்டு கெக்கின் சைடர் வாய்களையும் ஒரு ட்யூபால் இணையுங்கள். அப்போது சைடர் காலி கெக்கின் அடியிலிருந்து அமைதியாக நிரம்பும், மேலிருந்து விழாது. நுரை வருவது அழுத்த வித்தியாசத்தால். நிறைந்த கெக்கில் 10 பி.எஸ்.ஐ (அழுத்தத்தின் அளவு) இருந்து காலி கெக்கில் ஒன்றுமே இல்லை என்றால், சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்த கதைதான். முதலில் இரண்டிலும் ஒரே அழுத்தம் இருக்கும்படி கேஸ் ஏற்றிவிட்டு, பிறகு காலி கெக்கின் மூடியில் இருக்கும் வளையத்தையோ, அதன் கேஸ் வாயில் மாட்டின வால்வையோ கொஞ்சமாகத் திறந்து மெதுவாகக் கேஸைக் கசிய விடுங்கள். நிறைந்ததை மேஜை மேல் வைத்தால் புவியீர்ப்பும் உதவும். சைடரை இரண்டு நாள் ஃபிரிட்ஜ் குளிரில் வைத்துவிட்டு மாற்றினால் நுரை இன்னும் குறையும், கசடும் கெட்டியாக அடியில் உட்காரும். குளிரக் குளிரக் கேஸ் சைடருக்குள் கரைந்து கெக்கில் அழுத்தம் விழும், மூடியின் ரப்பர் தளரும், அதனால் கொஞ்சம் கேஸ் ஏற்றியே குளிரில் வையுங்கள். மாற்றும்போது எவ்வளவு சைடர் ஏறியது என்று பார்க்கத் திறக்க வேண்டாம், கெக்கைத் தராசில் வையுங்கள், ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ.

கசடுக்குக் காரணம் அடி வரை போகிற குழாய். மண்டிக்குள் முங்கி நிற்கிற குழாய் மண்டியைத்தான் முதலில் இழுக்கும். புளிக்க வைக்கிற கெக்குக்கு மட்டும் அந்தக் குழாயை ஓர் அங்குலம் வெட்டிவிடலாம், இல்லாவிட்டால் மேல்மட்டத்தில் மிதந்து அங்கிருந்து இழுக்கிற சிலிக்கான் குழாய் கிடைக்கிறது, அதை மாட்டலாம். மிதவைக் குழாய் போட்டு, இரண்டு மூன்று மாதத்துக்குள் குடித்து முடிப்பதாக இருந்தால் மாற்றுகிற வேலையே வேண்டாம் என்பது என் கட்சி. மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு வழியில் காற்று சேரும். பலரும் சைடர் தெளியவில்லை என்று மூன்று தடவை கெக் மாற்றுகிறார்கள், தெளியவைப்பது குளிரும் பொறுமையும்தானே!

இன்னொன்று, புளிப்பது முடிந்துவிட்டது என்பதைக் குமிழியை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹைட்ரோமீட்டரில் (சாற்றின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) தொடக்கம் 1.050 என்றால், 1.000 வாக்கில் வந்து நின்று, சில நாள் இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தும் அதே எண் காட்ட வேண்டும். அப்போது ஆல்கஹால் ஏறக்குறைய 6.5 சதவீதம். 1.010-இல் மூடி வைத்தால் மிச்சச் சர்க்கரை உள்ளேயே புளித்து அழுத்தம் ஏறும். ஸ்டீல் கெக் தாங்கிக்கொள்ளும், அதையே கண்ணாடி பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் பதற வேண்டாம், ஆப்பிள் சாற்றில் நைட்ரஜன் சத்து குறைவு, ஈஸ்ட் பட்டினி கிடந்தால் அப்படி நாறும், அடுத்த முறை தொடக்கத்திலேயே ஈஸ்ட் சத்துப்பொடி போடுங்கள்.

மேலே சொன்ன மாதிரி கெக்கை ஆன்லைனில் வாங்கி, டப்பா ஆப்பிள் ஜூஸை வைத்து வீட்டில் நானும் செய்யலாமா? விற்கப் போவதில்லை. — குத்தாலம் வாசகர்

கூடாது. இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்குச் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கே தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே குற்றம், வீட்டுக்கு மட்டும்தானே என்பது செல்லாது. உங்களுக்கு வேண்டியது ஜிலுஜிலுவென்ற பானம் என்றால் அதே கெக்கில் புளிக்காத சாற்றை ஊற்றி, கார்பன் டை ஆக்சைடு ஏற்றி, ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் ஒரு வாரம் விடுங்கள். பன்னீர் சோடா அளவுக்குச் சுரீரென்று இருக்கும். குளிரை விட்டு வெளியே வைக்க வேண்டாம், வைத்தால் தானாகவே புளிக்க ஆரம்பிக்கும்.

பூவன் தார் விலை விழுந்தபோது பழத்தைக் கூழாக்கி, தண்ணீர் கலந்து, வினிகர் ஆகட்டும் என்று நீலக் கேனில் அடைத்து வைத்தேன். மூன்று மாதமாகியும் சாராய நெடிதான் அடிக்கிறது, புளிப்பே ஏறவில்லை. — லால்குடி விவசாயி

அங்கே ஹியர்ஃபோர்டுக்காரர் வேண்டாம் என்று துரத்துகிற காடி உங்களுக்கு வரமாட்டேன் என்கிறது! அடைத்ததுதான் காரணம். சர்க்கரை ஆல்கஹால் ஆக காற்று வேண்டாம், ஆல்கஹால் காடி ஆகக் காற்று இல்லாமல் முடியாது. வடிகட்டி மண்டியை விட்டுவிட்டு, அகல வாய் ஜாடியிலோ உணவுக்கான பிளாஸ்டிக் தொட்டியிலோ பாதி உயரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள். கால் பங்கு, சூடு பண்ணாத பழைய வினிகர் சேருங்கள். அதில் இருக்கும் பாக்டீரியாதான் விதை, அதன் புளிப்பு பூஞ்சைகளையும் ஒதுக்கிவைக்கும். வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி மூடுங்கள், இல்லாவிட்டால் பழ ஈ மொய்த்துவிடும். 30 டிகிரி சூடு அதற்குச் சௌகரியம், அந்த விஷயத்தில் லால்குடி ஹியர்ஃபோர்டைவிட நல்ல இடம். மேலே ஆடை மாதிரி படர்வதைக் கலைக்காதீர்கள். சில வாரத்தில் மூக்கைத் துளைக்கும்.

புளிப்பு முழுசாக ஏறினதும் உடனே வாய் வரை நிரப்பி இறுக்கி மூட வேண்டும். ஆல்கஹால் தீர்ந்த பிறகும் காற்று கிடைத்துக்கொண்டிருந்தால், அதே பாக்டீரியா அசிட்டிக் அமிலத்தையே தின்று தண்ணியாக்கிவிடும், பாடுபட்டதெல்லாம் வீண். அலுமினியம், பித்தளை, இரும்பு எதுவும் வேண்டாம், காடி அரித்துவிடும். பூச்சிமருந்து வந்த கேனைக் கழுவிப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

விற்பதென்றால் உணவுப் பாதுகாப்பு விதிப்படி குறைந்தது 3.75 சதவீத அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும். இடையில் மது நிலை வருவதால், அடுத்த தார் அறுப்பதற்கு முன்னாலேயே மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தொழில்நுட்ப சந்தேகத்துக்குத் திருச்சி தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியும் பதநீர் மதியத்துக்குள் பொங்கிவிடுகிறது. — வேதாரண்யம் வாசகர்

சுண்ணாம்பின் காரம் ஈஸ்டை எழவிடாமல் அடக்கி வைக்கும், அவ்வளவுதான், கொல்லாது. நேற்றைய கலயத்தின் துளைகளில் ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருந்தால், காற்றுப்பட்டுப் பழசான சுண்ணாம்பால் அதை அடக்க முடியாது. கலயத்தைக் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவைத்து, புதிதாக நீற்றின சுண்ணாம்பைத் தடவுங்கள். விடிவதற்குள் இறக்கி வடிகட்டி ஐஸ் பெட்டியில் வையுங்கள். பொங்கிவிட்டால் அது கள், 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. பொங்குகிற அறிகுறி தெரிந்ததும் அடுப்பேற்றிக் கொதிக்க விடுங்கள், கருப்பட்டி பதம் வராவிட்டாலும் பாகாகவாவது மிஞ்சும்.